பெட்டி நம்முடையது, சாவி யாரிடம்?

(அல்சூரில் நடைபெற்ற நம் சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெண்கள் நடத்தும் சிறுதொழிலைப் பற்றியும், அவர்களுக்குக் கிடைக்கும் கடனைப் பற்றியும், ஆப்பிரிக்க நாடுகளில் நம்மைப் போன்ற பெண்கள் இதே சிக்கலை எப்படிச் சந்தித்தார்கள் என்பதைப் பற்றியும் இன்று நாம் பேச வேண்டும் என்று சங்கத்தில் முடிவு செய்திருக்கிறோம். அல்சூரில் இருந்துகொண்டு ஆப்பிரிக்காவைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். அதற்கான விடை பேச்சின் போக்கில் தானாகவே விளங்கும்.

முதலில் நம்மைப் பற்றி. 1809ஆம் ஆண்டில் இங்கே கன்டோன்மென்ட் அமைந்தபோது படைக்குப் பின்னால் வந்தவர்கள் நம் முன்னோர்கள். வெள்ளைக்காரன் படைக்குச் சோறும் துணியும் காய்கறியும் குதிரைக்குப் புல்லும் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடும்பங்கள் கிளம்பி வந்தன. அதன் பிறகும் வரத்து நிற்கவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை என்று மழை பொய்த்த ஊர்களிலிருந்தெல்லாம் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். வந்தவர்களில் ஆண்கள் கட்டட வேலைக்கும் மூட்டை தூக்கவும் போனார்கள். பெண்கள் வீட்டுவேலைக்குப் போனார்கள். போக முடியாதவர்கள் தெருவில் கூடையை இறக்கினார்கள். அல்சூர் பஜார் தெருவிலும், சோமேசுவரர் கோயில் வாசலிலும், மெட்ரோ நிலையத்துப் படிக்கட்டு ஓரத்திலும் பூவும் கீரையும் இட்லியும் விற்கும் அந்தப் பெண்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

பத்திரிகைகள் 'பெண் தொழில்முனைவோர்' என்று எழுதி, கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மையார் ஒருவரின் படத்தைப் போடுகின்றன. அந்த அம்மையாரின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால், விடியற்காலை நான்கு மணிக்குக் கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போய், இன்றைக்கு மல்லி வாங்கலாமா, கனகாம்பரம் வாங்கலாமா, மழை வருமா, நாளை முகூர்த்தமா என்றெல்லாம் கணக்குப் போட்டு, தன் காசைப் பணயம் வைத்துச் சரக்கெடுத்து, மாலைக்குள் விற்றுத் தீர்க்கிறாளே, அவள் யார்? சரக்கைத் தேர்ந்தெடுப்பதும், விலை வைப்பதும், நட்டத்தைத் தாங்குவதும் அவளே. அவளும் தொழில் நடத்துபவள்தான். ஒரே ஒரு வேறுபாடு. அவள் கையில் முதல் இல்லை.

வண்டி எரிந்தாலும் வட்டி எரியாது

முதல் இல்லாததற்கு அவள் கொடுக்கும் விலை என்ன? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூக்காரி ஒருத்தி காலையில் 2,000 ரூபாய்க் கடன் வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கொடுப்பவர் 200 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 1,800 தருகிறார். மாலையில் அவள் 2,000 திருப்பித் தர வேண்டும். மாதத்தில் 25 நாள் இப்படி நடந்தால் அவள் கொடுக்கும் வட்டி 5,000 ரூபாய். அதாவது, 1,800 ரூபாய் முதலுக்கு மாதம் 5,000 ரூபாய் வாடகை! அந்த 1,800 ரூபாய் ஒரே ஒரு முறை அவளுக்குச் சொந்தமாகக் கிடைத்திருந்தால், மாதம் 5,000 அவள் வீட்டிலேயே தங்கியிருக்கும்.

தண்டல் கணக்கு இன்னொரு வகை. 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். 1,500 ரூபாய் வட்டிதானே என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது. சராசரியாக அவள் கையில் இருப்பது பாதிப் பணம்தான். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிப் போகிறது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் தினவட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே இவற்றைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே கர்நாடகத்திலும் அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்கச் சட்டம் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. தண்டல்காரர் சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு மாறியிருக்கிறார், அவ்வளவுதான்.

1991 டிசம்பரில் காவிரித் தகராறின்போது இந்த நகரத்தில் தமிழர்கள் வீட்டையும் உடைமையையும் இழந்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லா மொழிக்காரர்களின் கூடையும் ஒரே நாளில் கவிழ்ந்தது. இத்தகைய காலங்களில் வெளியூரிலிருந்து வந்த ஏழைக்கு ஓர் உண்மை நன்றாகப் புலப்படும். வண்டி எரிந்தாலும் வட்டி எரியாது.

அப்படியானால் பாங்குக்குப் போகக் கூடாதா? 1969இல் 14 பெரிய பாங்குகள் நாட்டுடைமையாயின. 1972இல் பரம ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன் தரும் திட்டமும் வந்தது. ஆனாலும் பாங்கின் வாசற்படி நம் பெண்களுக்கு உயரமாகவே இருந்தது. பிணை கேட்டார்கள், சொத்து அவள் பெயரில் இல்லை. இந்து மகளுக்குக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989இலும், கர்நாடகத்தில் 1994இலும், நாடு முழுவதற்கும் 2005இலும்தான் வந்தது. முகவரி கேட்டார்கள், அவள் வாடகைக் குடிசையில் இருக்கிறாள், குடும்ப அட்டை ஊரில் இருக்கிறது. அவளுக்குத் தேவை 2,000 ரூபாய். அவ்வளவு சிறிய கடனை எழுதும் செலவு பாங்குக்குக் கட்டாது. பாங்கு திறப்பது பத்து மணிக்கு. அவளுக்குப் பணம் வேண்டியது நான்கு மணிக்கு. தண்டல்காரர் வெல்வது இரக்கத்தால் அல்ல. நேரத்தால் வெல்கிறார்.

சீட்டும் சூசுவும்

இந்த நிலையில் நம் தாய்மார்கள் சும்மா இருந்துவிடவில்லை. தங்களுக்கென்று ஒரு பாங்கைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். அதன் பெயர் சீட்டு.

இருபது பேர் மாதம் 1,000 போட்டால் 20,000. மிக அவசரமாகப் பணம் வேண்டியவள் 5,000 தள்ளி ஏலம் எடுத்தால் அவளுக்கு 15,000. நடத்துபவருக்கு 1,000 கமிஷன் போக, மீதி 4,000 இருபது பேருக்கும் 200 வீதம் பிரிகிறது. பிணை இல்லை, பத்திரம் இல்லை. ஒருத்தியின் குணம் மற்றவர்களுக்குத் தெரியும், அதுதான் பிணை. பெண்ணின் கல்யாணத்துக்கும், தள்ளுவண்டிக்கும், குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கும் இந்தச் சீட்டுதான் கைகொடுத்திருக்கிறது.

இங்கேதான் நாம் ஆப்பிரிக்காவைப் பார்க்க வேண்டும். இதே ஏற்பாடு அங்கே ஊர்தோறும் இருக்கிறது. நைஜீரியாவின் யொரூபா மக்கள் அதை 'எசூசு' என்கிறார்கள். செனெகல், காமரூன் போன்ற பிரெஞ்சு பேசும் நாடுகளில் 'தொந்தீன்'. தென் ஆப்பிரிக்காவில் 'ஸ்டாக்வெல்'. கென்யாவில் 'சாமா'. பெயர்தான் வேறு, எல்லாம் நம் சீட்டின் உடன்பிறப்புகளே. கடல் கடந்த அந்தச் சகோதரிகள் நம்மிடம் கற்றுக்கொள்ளவில்லை, நாமும் அவர்களிடம் கற்றுக்கொள்ளவில்லை. பாங்கு கதவைச் சாத்திய இடத்திலெல்லாம் பெண்கள் ஒரே விடையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கானா நாட்டில் 'சூசு' வசூல்காரர் என்று ஒருவர் சந்தைக்கு நாள்தோறும் வருவார். கடைக்காரப் பெண்கள் அவரிடம் தினமும் ஒரு தொகை கொடுத்துவைப்பார்கள். மாதக் கடைசியில் மொத்தத்தையும் திருப்பித் தருவார், ஒரு நாள் தொகையை மட்டும் தம் கூலியாக எடுத்துக்கொண்டு. சேமிப்புக்கு வட்டி கொடுப்பதுதான் உலக வழக்கம். அந்தப் பெண்களோ சேமிப்பதற்குத் தாங்களே கூலி கொடுக்கிறார்கள்! ஏன்? வீட்டில் வைத்தால் காசு நிற்காது; பாங்கு தொலைவில் இருக்கிறது; இவரோ கடைவாசலுக்கே வருகிறார். ஏழைக்குச் சேமிக்கும் பழக்கம் இல்லை என்று பேசுவோருக்கு இந்த ஒரு செய்தி போதும்.

மக்கோலாவும் லோமேயும் சொல்லும் பாடம்

ஆனால் நட்பும் நாணயமும் மட்டுமே போதுமா? இரண்டு வரலாறுகளைப் பார்ப்போம்.

கானாவின் தலைநகர் அக்ராவில் மக்கோலா சந்தை பெண்களின் கோட்டையாக இருந்தது. துணியும் உணவுப்பொருளும் அவர்கள் கையில்தான் நாடெங்கும் போயின. 1979இல் நாட்டில் விலைவாசி தாறுமாறாக ஏறியது. அதற்கு அரசின் கொள்கையும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் காரணம். ஆனால் பழி சந்தைப் பெண்கள் மேல் விழுந்தது. 'பதுக்கல்காரிகள்' என்று பெயர் சூட்டினார்கள். அந்த ஆண்டு ஜூனில் ஆட்சியைப் பிடித்த ராலிங்ஸின் இராணுவ அரசு, ஆகஸ்ட் 18ஆம் நாள் மக்கோலா சந்தையை இடித்துத் தரைமட்டமாக்கியது. பல்லாண்டுச் சேமிப்பு ஒரே நாளில் மண்ணாயிற்று. அந்தப் பெண்களிடம் பணம் இருந்தது, கூட்டுறவு இருந்தது. ஆனால் ஆட்சி செய்யும் இடத்தில் அவர்களுக்காகப் பேச ஒரு குரல் இல்லை.

பக்கத்து நாடான தோகோவின் லோமே நகரில் 'நானா பென்ஸ்' என்று அழைக்கப்பட்ட துணி வணிகப் பெண்கள் இருந்தார்கள். டச்சு நிறுவனத்தின் அச்சுத்துணிகளை மொத்தமாக வாங்கி மேற்கு ஆப்பிரிக்கா முழுவதற்கும் விற்றார்கள். மெர்சிடிஸ் பென்ஸ் கார் வாங்கும் அளவுக்கு உயர்ந்ததால்தான் அந்தப் பெயர். அரசு விழாக்களுக்கு அந்தக் கார்களை அரசே இரவல் வாங்கியதும் உண்டு. 1994 ஜனவரியில் அந்த நாட்டு நாணயத்தின் மதிப்பு ஒரே நாளில் பாதியாகக் குறைக்கப்பட்டது. இறக்குமதித் துணியின் விலை இரட்டிப்பாயிற்று. பின்னால் மலிவான சீனத் துணியும் வந்து குவிந்தது. அந்தப் பேரரசு சரிந்தது. சரக்கின் ஊற்றுக்கண்ணும் நாணயத்தின் மதிப்பும் வேறு யார் கையிலோ இருந்தன.

மக்கோலாவின் கதை நமக்குப் புதிதல்ல. போக்குவரத்துக்கு இடையூறு என்று நம் பெண்களின் கூடையை லாரியில் ஏற்றும்போதெல்லாம் சின்ன மக்கோலாக்கள் நடக்கின்றன.

மெக்சிகோவிலிருந்து சென்னை வரை

இருட்டை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. கானாவில் எஸ்தர் ஒக்லு என்ற பெண்மணி 1942இல் பத்து ஷில்லிங்கை முதலாகப் போட்டு, ஆரஞ்சும் சர்க்கரையும் வாங்கி, பழப்பாகு காய்ச்சித் தெருவில் விற்றுத் தொழிலைத் தொடங்கினார். பிறகு நாடறிந்த உணவுத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். 1975இல் மெக்சிகோவில் ஐக்கிய நாடுகள் சபை நடத்திய உலக மகளிர் மாநாட்டில், பெண்களுக்குக் கடன் ஏன் கிடைப்பதில்லை என்ற கேள்வி எழுந்தது. அங்கே ஒக்லுவும் நம் நாட்டு இலா பட் அம்மையாரும் ஒரே கருத்தினராக நின்றார்கள். 1979இல் மகளிர் உலக வங்கி என்ற அமைப்பு உருவானபோது அதன் முதல் தலைவரானார் ஒக்லு.

இலா பட் அம்மையார் அந்த மாநாட்டுக்கு வெறுங்கையோடு போகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே, 1974இல், அகமதாபாத்தில் கூடைக்காரிகளும் பழைய துணி விற்பவர்களும் தலைச்சுமைக்காரிகளுமாக 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுச் 'சேவா' கூட்டுறவு வங்கியை ஏற்படுத்தியிருந்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் வங்கி நடத்துவதா என்று பதிவாளர் தரப்பில் ஆட்சேபம் எழுந்தது. முன்னின்ற பதினைந்து பெண்கள் இரவோடிரவாகத் தங்கள் பெயரை எழுதப் பழகிக்கொண்டு வந்து கையெழுத்திட்டார்கள். ஒரு வங்கி அப்படித்தான் பிறந்தது.

நம் சென்னையிலும் இது நடந்தது. 1978இல் ஜெயா அருணாசலம் அம்மையார் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். காய்கறி, பூ, மீன் விற்பவர்கள், இட்லிக் கடை வைத்திருப்பவர்கள் இவர்களே உறுப்பினர்கள். பேட்டைதோறும் பத்து இருபது பேர் சேர்ந்த குழு. குழுத்தலைவியும் அவர்களில் ஒருத்தியே. முதலில் அந்த அமைப்பு தனியாகக் கடன் கொடுக்கவில்லை. முன்னே சொன்ன 4 சதவீதக் கடனைப் பாங்குகளிலிருந்து பெற்றுத் தந்தது. ஆனால் படிவமும் காத்திருப்பும் அலைச்சலும் பெண்களின் நாள்கூலியைத் தின்றன. ஆகவே 1981இல் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தை நிறுவிக்கொண்டார்கள். பாங்குக்கு வழிகாட்டி அழைத்துப் போவதில் தொடங்கி, தாங்களே பாங்காக மாறியது வரையான அந்த மூன்றாண்டுப் பயணத்தில்தான் இன்றைய பேச்சின் சாரம் இருக்கிறது.

குழு யாருக்காக?

இதன் பிறகு நடந்ததைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். பெண்கள் கூடினால் கடன் திரும்பி வரும் என்பதை உலகம் கண்டுகொண்டது. நமக்குப் பக்கத்திலேயே, தொம்லூரில் தலைமையகம் கொண்ட மைராடா நிறுவனம், 1980களின் நடுவில் கர்நாடகக் கிராமங்களில் சிறு சேமிப்புக் குழுக்களை வளர்த்தது. நபார்டு வங்கி 1987இல் அதற்கு உதவித்தொகை தந்தது. 1989இல் தமிழ்நாட்டில் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. 1992இல் சுயஉதவிக் குழுக்களைப் பாங்குகளோடு இணைக்கும் முயற்சியை நபார்டு நாடெங்கும் ஆரம்பித்தது. இந்தக் குழுக்களில் முதலில் பெண்கள் சேமித்தார்கள். தங்கள் சேமிப்பைத் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகே பாங்கிடம் போனார்கள்.

பின்னர் வந்த இன்னொரு வகைக் குழுவில் சேமிப்பு இல்லை. கடன் மட்டுமே உண்டு. நிறுவனம் பணம் கொண்டுவரும். ஐந்து பெண்களையோ பத்துப் பெண்களையோ ஒரு குழுவாக உட்காரவைக்கும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வாரக் கட்டு நாளில் ஒருத்தி வரவில்லை என்றால், மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். நேற்றுவரை கைமாற்றுக் கொடுத்துக்கொண்டவர்கள் இன்று ஒருத்திக்கு ஒருத்தி வசூல்காரியாகிறார்கள். சீட்டில் இருந்ததும் குழு, இதில் இருப்பதும் குழு. அங்கே பெண்களின் நம்பிக்கை பெண்களுக்கு உதவியது. இங்கே அதே நம்பிக்கை வேறொருவர் பணத்துக்குக் காவல் காக்கிறது. ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல் போகும் வட்டி குழுவுக்குள் நிற்பதில்லை. வெளியே போகிறது.

இதன் முடிவை 2010இல் ஆந்திரத்தில் பார்த்தோம். ஒரே பெண்ணின் பெயரில் மூன்று நான்கு நிறுவனங்களின் கடன். ஒன்றை அடைக்க இன்னொன்று. தற்கொலைச் செய்திகள் வந்த பின் அந்த ஆண்டு அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அந்தத் துறையின் பெரிய நிறுவனம் ஒன்று பங்குச்சந்தையில் இறங்கியிருந்தது. 2025 பிப்ரவரியில் நம் கர்நாடகத்திலும் அதே கதை. மிரட்டி வசூலிப்போருக்குப் பத்தாண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும் என்று அவசரச் சட்டம் வந்தது. ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் அதே நோக்கத்தோடு ஒரு மசோதாவை நிறைவேற்றியது. சட்டம் தேவைதான், வரவேற்கிறோம். ஆனால் கதவைத் தட்டும் கையைத்தான் சட்டம் தடுக்கும். அந்தக் கையை அழைத்துவந்த தேவையைத் தடுக்காது. தண்டலும் வேண்டாம், வாரக் கட்டும் வேண்டாம் என்றால் நாளைக் காலை நான்கு மணிக்கு 1,800 ரூபாய் எங்கிருந்து வரும்?

மூன்று பூட்டுப் பெட்டி

மறுபடியும் ஆப்பிரிக்காவுக்கே போவோம். 1991இல் நைஜர் நாட்டின் மராதி பகுதியில், உலகின் மிக ஏழ்மையான கிராமங்களில், 'கேர்' என்ற உதவி நிறுவனத்தின் துணையோடு பெண்கள் ஒரு முறையை உருவாக்கினார்கள். வெளியிலிருந்து ஒரு காசு கடன் வாங்கவில்லை. பதினைந்து இருபது பேர் கூடி வாரந்தோறும் சேமித்தார்கள். அந்தச் சேமிப்பிலிருந்தே கடன் கொடுத்துக்கொண்டார்கள். வட்டியும் அதே நிதியில் சேர்ந்தது. ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் எண்ணி, அவரவர் சேமிப்புக்கு ஏற்பப் பிரித்துக்கொண்டு, மறுபடி புதிதாகத் தொடங்கினார்கள். இந்த முறை பிறகு ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கும் பரவியது.

இந்த முறையில் பணம் ஓர் இரும்புப் பெட்டியில் இருக்கும். பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பெண்களிடம். பெட்டியை வைத்திருப்பவளிடம் சாவி கிடையாது. எல்லாரும் கூடியிருக்கும்போது மட்டுமே பெட்டி திறக்கும். கணக்கை எல்லார் காதிலும் விழும்படி சொல்வார்கள். எழுதத் தெரியாதவளும் மனத்தில் வைத்துக்கொள்வாள்.

நம் சீட்டில் உள்ள ஓட்டை இந்தப் பெட்டியில் அடைபடுகிறது. பதிவில்லாத சீட்டை நம்பிப் பணத்தைக் கட்டி, நடத்தியவர் இரவோடிரவாக வீட்டைக் காலி செய்துகொண்டு போன கதை அல்சூரில் எந்தத் தெருவில் இல்லை? 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்ய வேண்டும். நடத்துபவரின் கமிஷனுக்கும் வரம்பு உண்டு. அதைக் கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை. காரணம், நம் பக்கத்து வீட்டுக்காரர், நம் சாதிக்காரர், நம் ஊர்க்காரர் என்ற கூச்சம். நம்பிக்கை இருக்கிற இடத்தில்தான் பூட்டும் தேவை. பூட்டு போடுவது சந்தேகத்தால் அல்ல. நம்பிக்கை நாளைக்கும் நிலைக்க வேண்டும் என்பதற்காக.

ஏழைகள் ஏழைகளிடம் சேர்த்தால் எவ்வளவு சேரும் என்று சிலர் எண்ணலாம். இருபது பெண்கள் வாரம் 100 ரூபாய் போட்டால் நான்கே வாரத்தில் 8,000. நான்கு பூக்காரிகளுக்கு 1,800 வீதம் கொடுத்துத் தினக்கடனிலிருந்து மீட்க இது போதும்! மாதம் 5,000 வட்டியாகக் கட்டிக்கொண்டிருந்தவளுக்கு அந்த 1,800ஐத் திருப்பிக் கட்டுவது கடினமல்ல. ஓராண்டில் அந்தக் குழுவிடம் 1,04,000 சேர்ந்திருக்கும். சராசரியாக 50,000 கடனில் ஓடினால், மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றாலும் ஆண்டுக்கு 12,000. அந்த 12,000 யாருக்கும் லாபமாகப் போகாது. பெட்டிக்குள்ளேயே விழும்.

பெரிய முதலுக்கு இது போதாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். தள்ளுவண்டிக்கும் கடைக்கும் பாங்குக் கடன் வேண்டும். அதைக் கேட்பது நம் உரிமை. அரசுப் பணம் மக்களின் பணம். ஆனால் வரிசை முக்கியம். நம் நிதி முதலில், பாங்கு பிறகு. சொந்த நிதி உள்ளவள் பாங்கின் முன் நிமிர்ந்து நிற்பாள். இல்லாதவள் யார் நீட்டும் காகிதத்திலும் கைநாட்டு வைப்பாள்.

நாம் செய்ய வேண்டியவை

தோழர்களே, இனி நடைமுறைக்கு வருவோம்.

அல்சூரில் தெருவுக்கு ஒன்றாகச் சேமிப்புக் குழுக்களைத் தொடங்க வேண்டும் என்று சங்கத்தின் சார்பில் முன்மொழிகிறோம். இருபது பேருக்கு மேல் வேண்டாம். மூன்று பூட்டுப் பெட்டியே நம் முறையாகட்டும். ஓரளவு பணம் சேர்ந்ததும் குழுவின் பெயரில் பாங்குக் கணக்குத் தொடங்கிவிட வேண்டும். அதிலும் கையெழுத்து ஒருத்தியுடையதாக இருக்கக் கூடாது.

குழுவைத் தமிழர் குழுவாக மட்டும் அமைக்கக் கூடாது. நம் சங்கம் தமிழருக்கான சங்கம்தான். ஆனால் பஜார் தெருவில் கீரைக்காரி தமிழ் பேசுகிறாள், பக்கத்தில் வாழைப்பழம் விற்பவள் கன்னடம் பேசுகிறாள், எதிரே வளையல்காரி உருது பேசுகிறாள். மூவருக்கும் தண்டல்காரர் ஒருவர்தான். 1991இல் நடந்ததைப் போல இன்னொரு முறை நடக்காமல் தடுக்கும் வலிமை மேடைப் பேச்சுக்கு இல்லை. மூன்று சாவியும் மூன்று மொழிக்காரிகளிடம் இருக்கும் பெட்டிக்கு உண்டு.

ஏற்கெனவே கடன் வாங்கியிருப்பவர்கள் தங்கள் உரிமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குட்பட்ட குடும்பத்துக்குத் தரும் சிறுகடனுக்குப் பிணை கேட்கக் கூடாது. எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் தவணை குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொல்லை தரக் கூடாது. கடன் பத்திரம் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாய்மார்கள் தமிழில் கேளுங்கள். கேட்பது சலுகை அல்ல.

தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014இல் வந்தது. நகர வியாபாரக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வியாபாரச் சான்றிதழ் இருந்தால் கூடையைத் தூக்கிப்போக வருபவரிடம் காட்டலாம். பாங்கிலும் அதுவே முகவரி போல உதவும். 2020இல் தொடங்கிய ஸ்வநிதித் திட்டம் 2025இல் திருத்தப்பட்டு, முதல் தவணை 15,000, அதைக் கட்டினால் 25,000, அதன் பின் 50,000 என்று கடன் தருகிறது. அதற்கும் இந்தச் சான்றிதழோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். படிவம் நிரப்பத் தெரிந்த நம் இளைஞர்கள் இந்த வேலையைத் தங்கள் பொறுப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டும். மக்கோலாப் பெண்களுக்கு ஆட்சி செய்யும் இடத்தில் இல்லாமல் போன குரலை நாம் இந்தக் குழுக்களில் பெற வேண்டும்.

வந்திருக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. காங்கோ ஜனநாயகக் குடியரசில் மணமான பெண் கணவனின் அனுமதியின்றிச் சட்டப்படியான ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாத நிலை 2016இல்தான் மாறியது. கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கிறது. இங்கே அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் மனைவி பெயரில் கடன் எடுத்து, பணத்தைக் கணவன் வாங்கிக்கொண்டு, தவணையை மட்டும் அவள் கட்டும் வழக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது? சட்டம் இல்லாமலேயே நடத்தப்படும் அந்த அனுமதி முறையை ஒழிக்க வேண்டியவர்கள் நாம்தான். கடன் யார் பெயரிலோ, பணமும் அவர் கையில் இருக்க வேண்டும்.

தாய்மார்களே! உங்களுக்குச் சேமிக்கவும் தொழில் செய்யவும் கற்றுத்தர யாரும் வரத் தேவையில்லை. அக்ராவிலும் லோமேயிலும் சென்னையிலும் அல்சூரிலும் பெண்கள் அதைத் தாங்களே கற்றுக்கொண்டார்கள். பணமும் உங்களுடையது, நாணயமும் உங்களுடையது, வெயிலில் உட்கார்ந்த உழைப்பும் உங்களுடையது. இத்தனையும் போட்டு நிரப்பிய பெட்டியின் சாவி மட்டும் ஏன் வேறொருவர் இடுப்பில் தொங்க வேண்டும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை, முதல் குழுவுக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். கையில் நூறு ரூபாய் கொண்டு வாருங்கள். பூட்டு மூன்றையும் சங்கம் வாங்கி வைக்கும்.